ஒற்றை விரலும் என் முஷ்டியும்

லொறி ஓட்டுகிறவனுக்கு ஊர் என்றால் டீசல் அடிக்கும் இடம். அங்கே மனிதர் வாழ்கிறார்கள் என்பது சறுக்கி விழுந்தால்தான் தெரியவரும். ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து மேற்கே சாமான் ஏற்றிப்போய் முதுகு நொந்த சகோதரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மனைவியின் நிபந்தனை

யாழ்ப்பாணத்தில் துண்டுப்பிரசுரம் அச்சடித்து, அவற்றை வாசித்தே அரசியல் படித்து, ஊர்வலத்தில் முஷ்டியை உயர்த்தி முன்வரிசையில் நின்றவன் நான். அந்தப் பெருமை இன்றும் உண்டு. பக்கத்தில் நின்றவர்கள் பிறகு மந்திரிமாருக்கு மாலை போட்டார்கள். அந்தக் கசப்பும் உண்டு.

தொண்ணூறுகளில் ரொறன்ரோவுக்கு வந்து, இரண்டு தொழிற்சாலைகளில் சங்கம் கட்டப்போய் இரண்டிலும் வேலை போனது. மனைவியும் மகளும் கொழும்பில் காத்திருந்தார்கள். அவர்களைக் கனடாவுக்கு எடுப்பிக்க எனக்கு நிலையான வேலை வேண்டும். மூன்றாவதாக லொறி வேலை கிடைத்தது. "ஒரு முறைப்பாடு வந்தாலும் லொறித் திறப்பை மேசையில வைச்சிட்டுப் போகலாம், தோழர்" என்றார் முதலாளி. மனைவி தொலைபேசியில் இன்னும் சுருக்கமாகச் சொன்னாள்: "கையை ஸ்டியரிங்கில மட்டும் வையுங்கோ. மேல தூக்காதேங்கோ!"

விரல்

என்னோடு மாறி மாறி ஓட்டுபவன் ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதி ரவி. மேற்கே சஸ்காச்சுவான் மாகாணப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரமும் தட்டை நிலம். எதிரே வருகிற பிக்கப் வண்டிக்காரன் ஒவ்வொருவனும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினான். "அண்ணை, உவங்கள் எங்களைத்தான் நக்கலடிக்கிறாங்கள்" என்றான் ரவி.

எனக்கு ரத்தம் ஏறிவிட்டது. எனக்குத் தெரிந்த பதில் ஒன்றே ஒன்று. முஷ்டியை மடக்கி, கண்ணாடி முழுவதும் தெரிய உயர்த்தினேன். அடுத்த வண்டிக்கும் அப்படியே. அதற்குப் பிறகு அந்தப் பாதையில் போன பயணமெல்லாம் அப்படியே. ரவி தலையில் கை வைத்தான்: "கொழும்பில அக்காவுக்குத் தெரிஞ்சால் என்னைத்தான் கிழிப்பா."

கோப்பிக்கடை

அந்தப் பக்கத்துச் சிற்றூர்களில் ஒரு தெரு, ஒரு தேவாலயம், வானம் முட்டும் ஒரு கோதுமைக் களஞ்சியம், ஒரு கோப்பிக்கடை இருக்கும். ஒரு குளிர்காலப் பயணத்தில் அப்படியொரு கடைக்குள் நாங்கள் நுழைந்ததும் கோதுமை விதைக்கிற, தொப்பி போட்ட கமக்காரர் எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். கோப்பி ஊற்றிய பெண் எங்கள் லொறியைப் பார்த்தாள். அதன் கதவில் முதலாளியின் தொலைபேசி இலக்கம் பெரிதாக எழுதியிருந்தது. முறைப்பாடு போகப்போகிறது, என் வீட்டார் கொழும்பிலேயே கிடக்கப் போகிறார்கள் என்று கணக்குப் போட்டேன்.

பிறகு அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "கையைத் தூக்கிக்கொண்டு போகிற ஆள் நீதானே?"

கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவந்தோம்.

பள்ளம்

ஊரைத் தாண்டவில்லை, பனியில் சறுக்கி லொறி வீதியோரப் பள்ளத்தில் இறங்கியது. நல்லகாலம், ட்ரெய்லர் வெறுமையாக இருந்தது. இழுவை வண்டியைக் கூப்பிட்டால் முதலாளிக்குத் தெரியும்; தெரிந்தால் வேலை இல்லை. கூப்பிடாவிட்டால் குளிரில் விறைக்க வேண்டியதுதான். அந்த நேரம் கோப்பிக்கடைத் தொப்பிகள் இரண்டு ட்ராக்டர்களில் வந்தன. "அடி விழப்போகுது அண்ணை, தயவுசெய்து கையைத் தூக்காதேங்கோ" என்றான் ரவி.

வந்தவர்கள் லொறியில் சங்கிலி கொழுவி இழுத்தார்கள். ஒரு கீறல் இல்லாமல் லொறி வீதிக்கு வந்தது. முஷ்டி காட்டியதற்கு நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். வயதான கமக்காரர் ஒருவர் புரியாமல் விழித்தார். பிறகு தன் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டி விளக்கினார்: "இது இந்தப் பக்கத்து வணக்கம். வெளியூர் லொறிக்காரர் எவரும் திருப்பிச் சொல்வதில்லை. நீ மட்டும் முழுக்கையையும் தூக்கினாய்!"

எந்த அரசாங்கத்தையும் அசைக்காத இந்தக் கை ஒரு லொறியையாவது பள்ளத்திலிருந்து அசைத்ததால், வேலையும் நிலைத்து, ரொறன்ரோ விமான நிலையத்தில் மனைவியும் மகளும் வெளியே வந்தபோது, நிபந்தனையை மீறி அதை இன்னொரு முறை தூக்கினேன்.