எலிசாவின் அளவு நோட்டு

திண்டிவனத்தில் ஜாக்கெட் தைக்கும் எலிசாவுக்குக் கோபம் மூக்கு நுனியில். "புள்ளைய அடிச்சிக்கினே இருந்தா பாடம் எங்க ஏறும்?" என்று 2011இல் மூன்றாம் வகுப்போடு மகள் வெனிலாவைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டாள். பிடித்ததை வீட்டிலேயே கற்றுக்கொள்ளட்டும் என்றாள்.

தெரு விடுமா? துணி கொடுக்க வந்தவளெல்லாம் இன்ஸ்பெக்டர் ஆனாள். அளவெடுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போதே, "எங்க, பதிமூணாம் வாய்ப்பாடு சொல்லு" என்பாள். தனக்கே தெரியாததை அடுத்தவர் பிள்ளையிடம் கேட்பதில் என்ன சுகமோ!

வெனிலாவுக்குப் பிடித்தது அம்மாவின் அளவு நோட்டு. யாருக்குத் தோள் எவ்வளவு, இடுப்பு எவ்வளவு என்று வருஷவாரியாக அதில் இருக்கும். அதை வைத்தே எழுத்தும் கணக்கும் படித்தாள்.

2013 கிறிஸ்மஸ் ஜாக்கெட்டுக்கு வெனிலா படித்த பள்ளியின் ரெஜினா டீச்சர் வந்தார். வீடு நிறையப் பெண்கள். எலிசா அளவு சொல்லச் சொல்ல வெனிலா எழுதினாள்.

"ஸ்கூலுக்குப் போகாம என்னத்த கத்துக்கினே? ஒரு கணக்கு சொல்லு பாப்போம்" என்றார் டீச்சர்.

வெனிலா நோட்டைப் புரட்டினாள். "ரெண்டு வருஷம் முன்னாடி உங்க இடுப்பு முப்பத்திரண்டு. போன வருஷம் முப்பத்தஞ்சு. இப்ப முப்பத்தெட்டு. இப்படியே போனா பத்து வருஷத்துல அறுபத்தெட்டுங்க டீச்சர். ஒரு மீட்டர் துணி பத்தாது."

அடுத்த கிறிஸ்மஸுக்கு டீச்சர் வரவில்லை. அளவுக்குப் பழைய ஜாக்கெட் ஒன்றைத் தன் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தனுப்பியிருந்தார்.

"ஏன், அவங்க வரலையா?"

"வயித்து வலியாம்க்கா."

"ஸ்கூல் போனப்ப எங்க வெனிலாவுக்கும் பரீட்சையன்னிக்கு அதேதான் வரும்" என்றாள் எலிசா.