ஆடி மாதத்துக் குடித்தனம்

முப்பத்தோரு வருஷம் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டிக் களைத்த கஸ்பார், வேலையை விட்டு நின்ற கையோடு சேர்த்த பணம் மொத்தத்தையும் ஒரே வீட்டில் போட்டார். 1954இல், ராயபுரத்தில், ஆறு குடித்தனம் இருக்கக்கூடிய ஓட்டு வீடு. பிள்ளை குட்டி கிடையாது. இனி வாடகைதான் சோறு போட வேண்டும். பக்கத்திலேயே மரக்கடை. மரத்தூள் குவியல்மேல் சாய்ந்துகொண்டு பீடி குடிக்கிற மகாராசர்கள் அங்கே! அதனால் நெருப்புக்கு இன்ஷூரன்ஸும் எடுத்தார்.

அத்தனை ஜாக்கிரதையான மனுஷன் ஆடி மாதத்தைக் கோட்டை விட்டார். விற்றவர் ஆனி பத்தாம் தேதி எல்லாரையும் காலி செய்து சாவி கொடுத்தார். உடைந்த ஓடு மாற்றி, சுண்ணாம்பு அடித்து, மாதா கோயில் சாமியாரை அழைத்து மந்திரித்து முடிப்பதற்குள் ஆனி கழிந்துவிட்டது. வந்து பார்த்தவர்களுக்கெல்லாம் வீடு பிடித்தது. குடிவரத்தான் ஒருவரும் தயாராக இல்லை. முன்பக்கத்தைக் கேட்ட மீன்காரி ஜெயக்கொடி அட்வான்ஸையே கையில் திணித்தாள்.

"ஆடில எவன் வூடு மாறுவான் நைனா? ஆவணி பொறக்கட்டும், வந்துர்றேன்."

ஊரறிந்த சங்கதி, கஸ்பாருக்கும் தெரியும்தான். ஆனால் தவக்காலத்தையும் திருநாளையும் பார்த்தே நாள் குறித்துப் பழகியவருக்கு ஆடி நினைப்பிலேயே வரவில்லை. ஒரு மாதந்தானே என்று விட்டுவிட்டார்.

ஆடி இரண்டாம் தேதி இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் சுப்புராயன் பத்திரத்தோடு வந்தார். பூட்டைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"ஆள் இல்லையா? முப்பது நாளுக்கு மேல பூட்டிக் கெடந்தா, அப்புறம் நெருப்பு புடிச்சாலும் காலணா வராதுங்க. பத்திரத்துலயே எழுதியிருக்கு. இன்னும் ஒரு வாரந்தான் இருக்கு."

கஸ்பார் மரக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "ஒரே ஒரு குடும்பம் இருந்தா?"

"இருந்தா போதுங்க."

கஸ்பாரும் மனைவி சிலுவையம்மாளும் கொருக்குப்பேட்டையில், ரயில் பாதையோரம் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார்கள். அங்கே கொடுப்பதைப்போல் மூன்று மடங்கு வாடகை புது வீட்டின் முன்பக்கத்துக்குக் கிடைக்கும். எனவே தாங்கள் பழைய இடத்திலேயே இருந்துவிடுவதென்று கஸ்பார் முடிவு கட்டியிருந்தார். சிலுவையம்மாளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை, "ஒரு மாசம் காவல் இருக்கணும், வா" என்றார், அவ்வளவுதான். கட்டில், அடுப்பு, மாதா படம் மட்டும் வண்டியில் ஏறி முன்பக்கத்தில் வந்து இறங்கின.

ஆடி முழுக்க கஸ்பார் மரக்கடையைப் பார்த்தபடியே வாசலில் உட்கார்ந்திருந்தார். காற்று வேறு பேயாய் அடித்தது. பீடி அணைக்கச் சொல்லிக் கத்தியே தொண்டை கட்டிப்போனது. வின்ச் ஓட்டியபோதுகூட இப்படி அலுத்ததில்லை, ஐயோ!

ஒருவழியாக ஆவணி பிறந்தது. மற்ற ஐந்து பகுதிக்கும் ஆள் பேசியாயிற்று. மறுநாள் முன்பக்கத்துக்கு ஜெயக்கொடி வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"எழுந்திரு, மூட்டையக் கட்டு. நம்ம வூட்டுக்குப் போலாம்" என்றார் கஸ்பார்.

சிலுவையம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"எது நம்ம வூடு? கட்டிகினு வந்த நாள்லேர்ந்து பதினோரு வூடு மாறிட்டேன்யா. ஆணி அடிக்கக்கூட வூட்டுக்காரிகிட்ட கேட்டுகினு நின்னேன். இங்கதான் கேக்காம மாதா படத்த மாட்டினேன். நீ வூடு வாங்கியும் நான் வாடகைக்கே குந்தணுமா? என்னால முடியாது. நீ வோணா போ."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை அவள். கோபப்படவும் தெம்பில்லாத குரல். கஸ்பாருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சட்டையை மாட்டிக்கொண்டு அட்வான்ஸை எடுத்துப் போய் ஜெயக்கொடியிடம் நீட்டினார்.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "இன்னா நைனா இது அநியாயம்! ஒரு மாசமா நம்பிகினு கீறேன். எவனாவது கூட காசு குடுக்கறேன்னானா? யாருக்கு வுட்ட?"

"காசு ஒண்ணும் குடுக்கலம்மா" என்றார் கஸ்பார். "எங்க வூட்டுக்காரிக்கு வுட்டுட்டேன்."