சாய்ச்சுக்கட்டுமா?

சாய்வதற்கு முன் அவர் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார். பின் இருக்கையில் யாரும் இல்லை, இருக்கவும் முடியாது. இது விமானம் அல்ல, விமான இருக்கைகளைப் பழுதுபார்க்கும் கொட்டகை. ஆனாலும், "கொஞ்சம் சாய்ச்சுக்கட்டுமா?" என்று காலி இருக்கையைக் கேட்டுவிட்டுத்தான் கைப்பிடியில் உள்ள பொத்தானை அழுத்துகிறார். முதுகு சாய்கிறது, விரலை எடுத்ததும் நிற்கிறது. சோதனை அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறார்.

இருபத்திரண்டு வருஷமாக இதே கதைதான். உடன் வேலை செய்கிறவர்கள் அவருக்கு 'உத்தரவு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "என்ன உத்தரவு, சீட்டு என்ன சொல்லுச்சு?" என்று சீண்டுவார்கள். "சரின்னுச்சு" என்பார், முகம் மாறாமல்.

என் அக்காவின் கணவர் என்பதற்காகச் சொல்லவில்லை, மனுஷர் தங்கம். ஆனால் கூட இருப்பவர்களுக்குச் சில சமயம் உயிர் போகும். முடிவெட்டும் கடையில் சவரத்துக்கு நாற்காலியைச் சாய்த்தால்கூட பின்னால் எட்டிப் பார்ப்பார். பேருந்தில் கூண்டேறிய சாட்சி மாதிரி விறைத்து உட்கார்ந்திருப்பார். சாய்வதற்குத்தானே அந்தப் பொத்தான் என்று கேட்டால், "மச்சான், சாயறவனுக்கு பட்டன் மட்டும்தான் தெரியும். நான் பின்பக்கத்தையும் கழட்டிப் பாக்கறவன்" என்பார். முட்டி இடித்து உள்வாங்கிய பலகை, கொட்டிய காபியின் கறை, யாரோ கோபத்தில் பேனாவால் குத்திய ஓட்டைகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

போன மாதம் நாங்கள் மூவரும் விமானம் ஏறினோம். அவர்கள் மகளுக்குப் பிரசவ நேரம். பத்து மணி நேரப் பயணம். அக்காவுக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் நிமிர்ந்து உட்காரக் கூடாது, சாய்ந்துதான் போக வேண்டும் என்று சொல்லியே டாக்டர் அனுப்பியிருந்தார்.

அக்காவுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்த இளைஞரோ ஆறடிக்கும் மேல். சாய்க்கும் முன்பே முட்டி இடித்துக்கொண்டிருந்தது.

ஒரு மணி நேரம் தாண்டியது. அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு, "கேளுங்களேன்" என்றாள். அவர் திரும்பினார், அந்த முட்டியைப் பார்த்தார், மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டார். காலி இருக்கைகளிடம் அத்தனை தடவை கேட்ட வாய், ஆள் இருந்ததும் அடைத்துப்போனது.

"கேட்டா சரின்னுதான் சொல்லுவாரு. அப்புறம் வழியெல்லாம் அவருக்கு முட்டி நோகும்" என்று முணுமுணுத்தார்.

நடைவழிக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொண்டாட்டி முதுகு பெருசா, யாரோ ஒருத்தர் முட்டி பெருசா? நீங்க அழுத்துறீங்களா, நான் வந்து அழுத்தட்டுமா?"

அவர் சீட் பெல்ட்டைக் கழற்றினார். எழுந்து பின்வரிசைக்குப் போனார்.

"தம்பி, நீங்க என் சீட்டுக்கு வந்துடுங்க. நடைவழி ஓரத்து சீட்டு, காலை நீட்டிக்கலாம். முன்னாடி இருக்கறதும் சின்னப் பாப்பாதான், சாய்க்க மாட்டா."

இளைஞர் நன்றி சொல்லி இடம் மாறினார். என் அக்கா கணவர் அந்த நெருக்கடிக்குள் தன்னைத் திணித்துக்கொண்டு, முட்டிகளை இரு பக்கமும் ஒதுக்கினார். எனக்கு வெட்கமாக இருந்தது.

அக்கா சிரமப்பட்டுக் கழுத்தைத் திருப்பினாள்.

"கொஞ்சம் சாய்ச்சுக்கட்டுமா?"

அவர் இரண்டு உள்ளங்கைகளையும் இருக்கையின் முதுகில் வைத்தார். அவள் பொத்தானை அழுத்த, அதை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.