இரவல் ஃப்ரிட்ஜ்

என்னைப் பெண் பார்க்க அவலூர்பேட்டையிலிருந்து வருகிறார்கள் என்றதும் நைனாவுக்குக் கௌரவம் தலைக்கேறிவிட்டது. பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜை நாலு பேரை வைத்துத் தூக்கி வந்து எங்கள் கூடத்தில் நிறுத்தினார். அந்தப் பக்கம் பிளக் பாயிண்டே கிடையாது. வயரைப் பின்னால் சுருட்டி மறைத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் பூ ஜாடியும் வைத்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. செஞ்சி ஜவுளிக்கடையில் நாள் முழுக்கக் கால் கடுக்க நின்று சம்பாதிக்கிறவள் நான். மதிப்பு மட்டும் இரவல் பெட்டிக்கா?

மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்து கேசரியில் கை வைத்தார்கள். அந்த நேரம் பார்த்து, நோட்டும் கையுமாக ஒருவர் வாசலில் வந்து நின்றார். அரசாங்க வீட்டுக்கு மனு போட்டிருந்தோம், அதற்கு விசாரணையாம். ஞாயிற்றுக்கிழமையில் வேலை பார்க்கிற அதிகாரியும் உண்டென்று யார் கண்டது! செஞ்சிக் கோட்டைக் குரங்குகள் குதித்துக் குதித்து ஓடெல்லாம் உடைந்து, மழை வந்தால் ஏழு பாத்திரம் வைக்கிற வீடு எங்களுடையது. புது வீடு கிடைக்காவிட்டால் அம்மா உடைந்தே போய்விடுவாள்.

வந்தவர் நேராக ஃப்ரிட்ஜைப் பார்த்தார்.

"இது இருந்தா லிஸ்ட்ல சேர்க்க முடியாதே. உங்களுதா?"

ஆமாம் என்றால் வீடு போச்சு. இல்லை என்றால் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் மானம் போச்சு, கல்யாணமும் போச்சு. நான் காப்பித் தட்டோடு அடுப்படி வாசலில் அப்படியே நின்றுவிட்டேன்.

"கேசரி சாப்டுறீங்களா சார்?" என்றார் நைனா.

"ஃப்ரிட்ஜ் யாருதுன்னு கேட்டேன்."

"நெய் கேசரி சார்."

மாப்பிள்ளையின் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அது எங்களுது சார். பொண்ணுக்குக் குடுக்க நாங்கதான் எடுத்தாந்தோம்."

"எதுல எடுத்தாந்தீங்க?"

"ஷேர் ஆட்டோவுல. மடியில வச்சிக்கினு."

அதிகாரி அவரையும் ஃப்ரிட்ஜையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு 'ஃப்ரிட்ஜ் இல்லை' என்று எழுதிக்கொண்டு, கேசரியும் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அந்த அம்மாள் நைனாவிடம் குரலைத் தாழ்த்தினார். "எங்க வூட்டுக்கு விசாரிக்க வந்தப்போ பைக்க வைக்கப்போருக்குள்ள சொருவி வச்சிருந்தோம், சம்மந்தி."

சம்மந்தி என்றதும் நைனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

மாப்பிள்ளையை நான் அதுவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிடித்திருக்கிறதா என்று அம்மா அடுப்படிக்குள் வந்து கேட்டாள். மாமியாரைப் பிடித்திருக்கிறது, போதும் என்றேன்.