மின்விசிறி ஓடாத வீடு

காம்பைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, அங்கேயே சரிவாக வெட்டுகிறாள் முனவ்வறா. வெளியே வெட்டினால் காம்பு காற்றைக் குடித்துவிடுமாம். கீழ் இலைகளை உருவி எறிந்துவிட்டு, வாளித் தண்ணீரில் ஒரு சிட்டிகை சீனியும் தேசிக்காயைப் பிழிந்து நாலு சொட்டுப் புளியும் விடுகிறாள். "நமக்குப் பிளேன்டீ, இவங்களுக்கு இது," என்று ரோசாக்களைக் காட்டிச் சிரிக்கிறாள்.

கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில் கல்முனையில் மனிதர்களே வாடிப்போவார்கள். ஆனால் மலைநாட்டு வெலிமடையிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கும் பூக்கள் இவள் முன்னறையில் குளித்துவிட்டு வந்த பிள்ளைகள் மாதிரி நிற்கும். ஜன்னலில் ஈரச் சாக்கு தொங்கும். மின்விசிறியும் உண்டு, ஓடாது. பழுதெல்லாம் இல்லை. "பேன் காத்து பூவுட தண்ணிய உறிஞ்சிரும்" என்பது அவள் கட்சி.

வந்தவர் உட்காருமுன் விசிறியைத் தட்டிவிடுவதுதான் இந்த ஊர் மரியாதை. அந்த மரியாதைதான் போன மாதம் அவள் பூச்செண்டுப் பிழைப்பில் மண்ணைப் போட்டது. விருந்தாளிகளுக்காக ஒரு மணிநேரம் சுழலவிட்டாள். அன்று மாலை மணப்பெண் கையிலிருந்த ரோசாக்கள், படம் பிடிக்குமுன்பே தலையைத் தொங்கப் போட்டன. ஊரெல்லாம் அதே பேச்சு. அதற்குப் பிறகு இன்றுதான் ஒரு கல்யாண ஓடர் வந்திருக்கிறது. இதுவும் வாடினால் வாளியைக் கவிழ்த்துவிட வேண்டியதுதான்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கொண்டுபோக வேண்டிய பூச்செண்டைப் பார்க்க, நண்பகல் லுஹர் தொழுத கையோடு வந்துவிட்டார் மாப்பிள்ளையின் உம்மா; சித்தி லைலா என்று பெயர். கனத்த மனுஷி. கதிரையில் அமர்ந்ததும் கண் மேலே போனது.

"என்ன புள்ள, பேனப் போடலியா? வேர்த்துக் கொட்டுதே!"

முனவ்வறாவை வெட்கம் பிடுங்கித் தின்றது. கல்யாண வீட்டு மனுஷியை இப்படியா உட்கார்த்தி வைப்பது? கை சுவிட்ச் வரைக்கும் போய்விட்டது. ரோசாக்களைத் திரும்பிப் பார்த்தாள். கையை இழுத்துக்கொண்டாள்.

"குறை நினைக்காதீங்க ராத்தா. போட்டா உங்கட மருமகள்ட கையில பூ செத்துரும்."

"அப்ப நான் சாகட்டுமா?"

கேட்டுவிட்டு சித்தி லைலாவே சிரித்துவிட்டார். முனவ்வறாவுக்கு உயிர் வந்தது. பூ வந்த அட்டைப் பெட்டியின் மூடியைக் கிழித்தெடுத்தாள். ரோசாக்களுக்கும் கதிரைக்கும் நடுவில், பூக்களுக்கு முதுகைக் காட்டிச் சம்மணமிட்டு உட்கார்ந்து, அந்த அம்மாவுக்கு விசிறத் தொடங்கினாள்.