வலப்பக்கச் சக்கரம்

எலிஹியோவுக்கு வந்த பெட்டி தார்ச்சாலை முக்கில், நிமியாவின் கடையில் கிடந்தது. அவள் அதைப் பிரித்தே பார்த்திருந்தாள்.

“முன்சக்கரத்துல தானா பூட்டிக்கிற ஹப்பக் கழட்டிட்டு, கையால பூட்டுறத மாட்டப்போறியா? ஊரு முன்னால போவுது, நீ பின்னால போற.”

“மழையில அது பூட்ட மாட்டேங்குது. போன தடவ ரெண்டு ராத்திரி சேத்துலயே கெடந்தேன்.”

“ரெண்டு பக்கமும் திருகணுமே, அந்தப் பக்கத்த யாரு எறங்கித் திருகுவா?”

“எனக்கு ரெண்டு கையிருக்கு, நிமியா.”

“வாயி ஒண்ணுதான். அதுவும் பேச ஆளில்லாம துருப்புடிச்சுப் போச்சு.”

அவன் பராகுவேயின் சாக்கோ சமவெளியில், களிமண் பாதை முடிகிற இடத்தில் ஒரு மாட்டுப்பண்ணைக்குக் காவல். மனைவி சுனில்தா ஸ்பெயினில் முதியவர்களைக் கவனிக்கும் வேலைக்குப் போய் மூன்று வருடமாகிறது. இப்போது விடுமுறையில் வருகிறாள். கைபேசியில் குரல் அனுப்பியிருந்தாள். “சனிக்கிழம பஸ்ஸுல வர்றேன். முக்குல நீ நின்னா எறங்குறேன். இல்லன்னா அப்படியே நம்ம பிலதெல்பியா டவுனுக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். மழ விடுறதுக்காகக் காத்துக் கெடக்க இனிமே என்னால ஆகாது.”

வெள்ளிக்கிழமை வண்டியில் மாட்டினான்; ஹப்பைப் பூட்டினால்தான் முன்சக்கரங்களும் இழுக்கும். பழைய மூடிகளைக் கழற்றி, உள்ளே இறுகியிருந்த மண்ணை மண்ணெண்ணெயில் கழுவினான். கிரீஸை விரலால் மெல்லத் தடவினான். அள்ளி அப்பினால் திருகு இறுகிவிடும். வளையக் கிளிப்பைக் காடியில் உட்காரவைத்து, போல்ட்டுகளை எதிரெதிராக முறுக்கினான். திருகிப் பார்த்தான். இரு பக்கமும் ‘கடக்’ என்று விழுந்தது. மறுபடி விடுவித்து வைத்தான்.

சனிக்கிழமை மழை. தாழ்ந்த இடம் வந்ததும் இறங்கித் திருகினான். ஏறி, கியர்க்கம்பியை நான்கு சக்கரத்துக்குத் தள்ளி ஓட்டினான். பாதி தூரத்தில் பின்சக்கரங்கள் குழி பறிக்கத் தொடங்கின. முன்சக்கரம் இழுக்கவில்லை.

மாட்டியதில்தான் பிழை என்று நினைத்தான். மழையிலேயே குந்தி இடப்பக்க ஹப்பைத் திறந்தான். கிளிப் இருந்த இடத்தில் இருந்தது. எல்லாம் சரியாக இருந்தது. மூடினான். நிமிர்ந்து மறுபக்கம் பார்த்தான். இந்தப் பக்கம் சேறு முழுக்க அவன் காலடி. அந்தப் பக்கம் ஒன்றுகூட இல்லை.

இதற்கு முன் வைத்திருந்த பழைய ஜீப்பிலும் கையால் பூட்டுவதுதான். அத்தனை வருடமும் வலப்பக்கம் சுனில்தா இறங்கினாள். யாரும் யாருக்கும் சொன்னதில்லை. இரண்டு ‘கடக்’, பிறகு இருவரும் ஏறிக்கொள்வார்கள்.

சுற்றிப் போய் வலப்பக்கத்தையும் திருகினான். வண்டி ஒன்றும் நடக்காததுபோல் மேலேறி வந்தது.

முக்கில் பஸ் இல்லை. நிமியா கேலி பேசவில்லை.

“படி வரைக்கும் எறங்கினா. உன் பாதையவே பாத்தா. டிரைவர் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தான்.”

“ஏதாவது சொன்னாளா?”

“அதே பழைய ஜீப்தானான்னு கேட்டா. வித்தாச்சுன்னேன். ஏறிட்டா.”

மழை விடவில்லை. பண்ணைக்குத் திரும்புவதென்றால் ஹப்களை அப்படியே விடலாம். தார்ச்சாலையில் பிலதெல்பியாவுக்குப் போவதென்றால் இரண்டையும் விடுவிக்க வேண்டும். எலிஹியோ குனிந்து இடப்பக்கத்தைத் திருகி விடுவித்தான். வண்டியைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போனான்.