நான்காம் அறையின் படுக்கை

ஓஸ்லோவின் புறநகரான குரோருட்டில் எங்கள் கட்டடத்தில் மாடிப்படிகளை வீட்டுக்கு ஒரு வாரம் என்று முறை வைத்துக் கழுவ வேண்டும். வேலைக்காக நான் திருச்சியிலிருந்து ஓஸ்லோவுக்கு வந்த புதிதில் என் முறை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இடுப்பு ஒடிய மூன்று மாடியையும் கழுவிவிட்டு, பெரிய சாதனை செய்ததுபோல் காபியோடு உட்கார்ந்தேன். வெளியே வாளிச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்து பார்த்தால் கீழ்வீட்டு விமலாதேவி அக்கா, நான் கழுவிய அதே படிகளை மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏன்க்கா, நான் சரியா கழுவலையா?"

"அதுக்கென்ன பிள்ளை. நான் சும்மா ஒருக்காத் துடைச்சு விடுறன்."

இரண்டு வருடம் இதே கதைதான். நான் கழுவுவேன், அரைமணி நேரத்தில் அவர் வந்து கழுவுவார். பனிக்காலத்தில் வழுக்காமலிருக்க வெளியே கொட்டும் பொடிக்கல் செருப்போடு படியேறி வந்துவிடும், அதைத்தான் துடைக்கிறார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். கோடையிலும் துடைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் சீக்கிரம் கோபப்படுகிற ஆள், அதை மறைக்கத் தெரியாத ஆளும்கூட.

ஆனால் அக்காவோடு சண்டை போட முடியாது. வந்த முதல் குளிர்காலத்தில் ஐஸில் வழுக்கி விழுந்து வலது கை சுளுக்கிக்கொண்டேன். அப்போது பதினோரு நாள், அவர் வேலைக்குப் புறப்படும் முன் மாடியேறி வந்து எனக்குத் தலை பின்னிவிட்டார். நான் கேட்கவேயில்லை. அப்படிப்பட்டவரை எந்த வாயால் திட்டுவது?

அவர் யாழ்ப்பாணத்துக் கொக்குவில்காரர். கணவர் இரவீந்திரன் முன்னால் நார்வேக்கு வந்து, வடக்கே ஹம்மர்பெஸ்ட்டில் மீன் வெட்டும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அக்காவும் போய் ஏழு வருடம் அதே தொழிற்சாலையில் நின்றார். வெள்ளிக்கிழமை மரக்கறி தவிர வேறெதுவும் தொடாத மனுஷி, வெள்ளிக்கிழமையும் மற்ற நாள்களைப் போலவே மீனுக்குள் கைவிட்டு நின்றார். பிறகு ஓஸ்லோவுக்குக் குடிவந்து ஒரு பெரிய ஹோட்டலில் அறை துப்புரவு செய்யும் வேலை. இருபத்துமூன்று வருடம், ஒரு நாளைக்குப் பதினாறு அறை. மகன் மதுரன் இன்று பேர்கனில் மருத்துவமனையில் வேலை பார்க்கிறான் என்றால் அது அந்தப் பதினாறு அறைகளால்தான். இப்போது அக்கா ஒரு தளத்துக்கே மேற்பார்வையாளர். ஆனாலும் துணியைக் கீழே வைக்கவில்லை. கழிவறைக்கு நீலத் துணி, அறைக்கு மஞ்சள் துணி. அந்த இரண்டும் அவர் கைப்பையில் எப்போதும் இருக்கும். நான் கைப்பையில் சீப்பு வைத்திருப்பதுபோல.

அந்த ஹோட்டலில் அவரோடு வேலை செய்யும் அகோசுவா கானா நாட்டுக்காரர். போன ஜனவரியில் அவருடைய தங்கைக்குக் கொஃபோரிடுவா என்ற ஊரில் கல்யாணம். அக்காவை விடாப்பிடியாக அழைத்தார். இரவீந்திரன் அண்ணனுக்கு முழங்கால் வலி, விமானத்தில் உட்கார முடியாது.

"நீர் வாருமன் பிள்ளை. எனக்கு நோர்வேஜிய பாசைதான் ஓடும். இங்கிலீசு கதைக்க ஒரு ஆள் வேணும்."

எனக்கு விடுமுறை மிச்சம் இருந்தது. கிளம்பிவிட்டேன்.

கல்யாண வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்ததால் எங்களைப் 'பேஷன்ஸ் லாட்ஜ்' என்ற விடுதியில் தங்கவைத்தார்கள். வெளிர்பச்சைச் சுவர், பன்னிரண்டு அறைகள், உச்சியில் கடகடக்கும் ஃபேன், குளியலறையில் வாளியும் கோப்பையும். அந்த வாளியைக் கண்டதும் நாங்கள் இருவரும் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் சிரித்தோம். பக்கத்துத் தேவாலயத்தில் காலை ஆறு மணிக்கே பாட்டு தொடங்கிவிடும். காலை உணவு ஆம்லெட், தித்திப்பான ரொட்டி, ஒரு பெரிய கோப்பை மைலோ. சகாராவிலிருந்து ஹர்மட்டான் என்ற வறண்ட காற்று வீசும் பருவம் அது. மேசை, தலையணை, பல்துலக்கும் பிரஷ் என்று எல்லாவற்றிலும் மெல்லிய தூசு. அக்கா நான்காம் அறை, நான் ஐந்து.

அறைகளைச் சுத்தம் செய்ய எஃபுவா வருவார். நாற்பது வயதிருக்கும், இரண்டு பிள்ளைகளின் தாய், நிமிர்ந்த நடை. என் அறையைப் பார்த்த முதல் நாளே, "மேடம், நீங்கள் தூங்கினீர்களா, யாரோடாவது மல்லுக்கட்டினீர்களா?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். என் லட்சணம் அப்படி.

நான்காம் அறையில் அவருக்கு வேலையே இல்லை. அக்கா காலை ஐந்து மணிக்கு எழுந்து கூட்டி, துடைத்து, படுக்கையை உதறி விரித்து, துண்டை நான்காக மடித்துக் கதவோரம் வைத்துவிடுவார். நார்வேயில் மலைமேல் விடுமுறை வீடு எடுத்தால், திரும்பும் முன் தங்கியவர்களே மூலைமுடுக்கெல்லாம் கழுவிவைத்துவிட்டு வர வேண்டும். அதுதான் அங்கே மரியாதை. அக்கா அதைத் தினசரி வழக்கமாகவே ஆக்கிவிட்டிருந்தார்.

"அக்கா, காசு குடுத்துத் தங்கியிருக்கோம். அவங்க வந்து செய்வாங்க, விடுங்க."

"என்ர கட்டிலை இன்னொரு மனுசி வந்து விரிக்க நான் பாத்துக்கொண்டு இருக்கிறதோ? எனக்கு உடம்பு கூசும். இருபத்திமூண்டு வருசமா மற்றாக்களின்ர தலைமயிரைப் பொறுக்கினனான் பிள்ளை. அந்தப் பாவத்தை அவவுக்கு ஏன் குடுப்பான்?"

என் அறைக்குப் போய், முதல்முறையாகக் கொஞ்சம் வெட்கத்தோடு என் போர்வையைப் பார்த்தேன். மடிக்கவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் காலை எஃபுவா நேரே நான்காம் அறைக்கு வந்து நின்றார். கையில் துடைப்பம். அழவில்லை. கோபமாக இருந்தார்.

"நான் செய்ததில் என்ன குறை கண்டீர்கள்? என் முகத்துக்கு நேரே சொல்லுங்கள்," என்றார்.

விஷயம் இதுதான். எஃபுவா வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வதாக முதலாளி அஸாரே சொல்லியிருந்தார். ஓஸ்லோவில் பெரிய ஹோட்டலில் மேற்பார்வையாளராக இருக்கும் அம்மா வந்திருக்கிறார் என்று கல்யாண வீட்டார் அவரிடம் பெருமையாகச் சொல்லிவைத்திருந்தார்கள். அந்த அம்மா தினமும் தன் அறையைத் தானே கழுவுகிறார் என்றால் எஃபுவாவின் வேலை அவருக்குப் பிடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? சனிக்கிழமையோடு நின்றுகொள் என்று முந்தின நாள் அஸாரே சொல்லிவிட்டார்.

நான் மொழிபெயர்த்தேன். அக்காவின் முகம் வெளிறிப்போயிற்று.

"ஐயோ! நான் அவவுக்கு உதவியெல்லோ செய்யிறன் எண்டு நினைச்சனான்."

அதையும் மொழிபெயர்த்தேன். எஃபுவா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "உதவி இல்லை மேடம். இது என் வேலை. என் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு, உதவி என்று சொல்லாதீர்கள்."

அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லும்போது எனக்கு மாடிப்படி ஞாபகம் வந்தது. ஆனால் அது எங்கள் பஞ்சாயத்துக்கான நேரமில்லை.

அக்கா உடனே என்னை இழுத்துக்கொண்டு அஸாரேயிடம் போனார். எஃபுவா நன்றாக வேலை செய்கிறார், தப்பு என்னுடையது என்றார். அஸாரே கெட்ட மனிதர் இல்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டுப் புன்னகை செய்தார். "மேடம் இரக்கப்பட்டுச் சொல்கிறார். அப்படியானால் நாளைக்கு எஃபுவா அறையைச் செய்யட்டும். மேடம் ஓஸ்லோவில் பார்ப்பதுபோலவே பார்த்துச் சொல்லட்டும். அந்தச் சொல்லை நான் ஏற்றுக்கொள்கிறேன்."

வெளியே வந்ததும் நான், "விட்டது தொல்லை. நல்லாயிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க," என்றேன்.

அக்கா நின்றார். "அது ஏலாது. அழுக்கெண்டா அழுக்கெண்டுதான் சொல்லுவன். பொய் சொல்லி வேலை வாங்கிக் குடுத்தா அது அவவுக்கு அவமானமெல்லோ?"

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஒரு பெண்ணின் பிழைப்பு தொங்கிக்கொண்டிருக்கிறது, இவருக்கு நேர்மை! அப்படித்தான் அன்று நினைத்தேன்.

மறுநாள் காலை முதல் பிரச்சினை, அறையை எப்படிக் கலைப்பது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான்தான் வாத்தியார். கலைப்பதில் எனக்கிருக்கும் தேர்ச்சி யாருக்கு இருக்கிறது?

"துண்டைக் கீழ போடுங்கக்கா."

போட்டார். மடித்துப் போட்டார்.

"மடிக்காம!"

ஒருவழியாகக் கலைத்துவிட்டு, வெளியே நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளே எஃபுவா வேலை செய்யும் சத்தம் கேட்கக் கேட்க அக்காவின் விரல்கள் சேலைத் தலைப்பை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தன. மீன் தொழிற்சாலையில் நின்ற ஏழு வருடத்தைவிட அந்த நாற்பது நிமிடம்தான் அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

எஃபுவா கதவைத் திறந்தார். அஸாரே வந்தார். அக்கா மஞ்சள் துணியை எடுத்தார்.

கதவின் மேல்விளிம்பில் துணியை ஓட்டினார். சுத்தம். நாற்காலியில் ஏறி ஃபேன் இறக்கையைத் துடைத்தார். சுத்தம். நீலத் துணியோடு குனிந்து கழிவறைக் கோப்பையின் பின்புறம் வரை பார்த்தார். சுத்தம். எனக்கு மூச்சு வந்தது. பிறகு ஜன்னலுக்குப் போனார். அங்கே ஜன்னல் என்பது சாய்வாக அடுக்கிய கண்ணாடிப் பட்டைகள். ஒரு பட்டையைத் துடைத்துத் துணியைத் திருப்பினார். சிவப்புத் தூசு.

அஸாரே எஃபுவாவைப் பார்த்தார்.

"அரைமணி நேரத்துக்கு முன்பு துடைத்தேன்," என்றார் எஃபுவா. குரல் இறங்கவில்லை. "காற்றுதான் கொண்டுவருகிறது."

அக்கா தலையாட்டினார். அதே பட்டையைத் தானே பளபளவென்று துடைத்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றார். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். அஸாரே நெளிந்தார். அக்கா அசையவில்லை. கால்மணி நேரம் கழித்துத் துணியின் சுத்தமான பக்கத்தால் மறுபடி துடைத்து, எல்லோருக்கும் காட்டினார். மறுபடி சிவப்பு.

"பாருங்கோ. நான் துடைச்சாலும் வருது. அங்கை படியிலை பொடிக்கல், இஞ்சை தூசு. மனுசி என்ன செய்யிறது? அவவின்ர வேலையிலை ஒரு பிழையுமில்லை எண்டு சொல்லும் பிள்ளை."

சொன்னேன். எனக்குத் தெரிந்த அத்தனை ஆங்கிலத்தையும் சேர்த்து, கொஞ்சம் கூடவே சொன்னேன். முந்தின நாள் பட்ட எரிச்சலுக்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். வெறுமனே நல்லாயிருக்கிறது என்று சொல்லியிருந்தால் அஸாரே மறுபடி புன்னகைதான் செய்திருப்பார்.

அதோடு முடியவில்லை. அக்கா கட்டிலருகே போய்ச் செருப்பைக் கழற்றினார். பகல் பதினோரு மணிக்கு, முதலாளி பார்த்துக்கொண்டிருக்க, எஃபுவா விரித்த படுக்கையில் ஏறிப் படுத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

அஸாரே திகைத்துப்போய்ப் பார்த்தார். பிறகு அந்தக் கட்டடமே அதிரச் சிரித்தார். "எஃபுவா, திங்கட்கிழமையிலிருந்து நீ நிரந்தரம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

எஃபுவா சிரிக்கவில்லை. கட்டிலருகே வந்து, அக்காவின் கால்மாட்டில் நழுவியிருந்த போர்வை நுனியை இழுத்துச் செருகினார்.

"நல்லா இறுக்கி விரிச்சிருக்கிறா," என்றார் அக்கா, கண்ணைத் திறக்காமலே. ஓரத்தில் நீர் வழிந்து தலையணையில் இறங்கியது. "கலியாணம் கட்டின நாள் துவங்கி ஒருத்தரும் எனக்குக் கட்டில் விரிச்சுத் தந்ததில்லை பிள்ளை."

கல்யாணம் நன்றாக நடந்தது. அக்கா ஆடினார் என்று சொன்னால் குரோருட்டில் யாரும் நம்பமாட்டார்கள். கிளம்பிய அன்று நான்காம் அறையின் படுக்கை கலைந்தே கிடந்தது. வாசலில் நின்று அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாரே தவிர, அக்கா உள்ளே போகவில்லை.

ஓஸ்லோ திரும்பிய இரண்டாம் வாரம் என் முறை. வெளியே ஐஸ், படி முழுக்கப் பொடிக்கல். கழுவிவிட்டுக் காபியோடு உட்கார்ந்தேன். கீழே கதவு திறக்கும் சத்தம். வாளிச் சத்தம். வந்துவிட்டார் என்று எழுந்து மாடி வளைவிலிருந்து எட்டிப் பார்த்தேன்.

அக்கா வாளியும் கையுமாகப் படிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாம் படியில் நான் விட்ட கல் இரண்டு எனக்கே தெரிந்தது. அவருக்குத் தெரியாமல் இருக்குமா? நிமிர்ந்தார். என்னைக் கண்டார்.

"நல்லாக் கழுவியிருக்கிறீர் பிள்ளை," என்று சொல்லிவிட்டு, வாளியோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். நான் இறங்கிப்போய் மூன்றாம் படியை இன்னொரு தடவை கழுவினேன்.